சின்னக் கூடம்

ஜனவரி 11

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே அப்பாவும் நானும் சுகம். உன் மனைவியின் முதுகுவலி தேவலையா? மகளுக்குப் புது வேலை பிடித்திருக்கிறதா?

நான் ஒரு வேலையில் மாட்டிக்கொண்டேன். நம் கல்லூரிக்கு வருகிற டிசம்பரில் நூற்றைம்பது வயது. இப்போதைய முதல்வர் வீடு தேடி வந்தார். என்னிடம் படித்தவர்தான். முதல்வரான பிறகும் என் எதிரே நாற்காலி நுனியில்தான் உட்காருகிறார். "காலேஜ் வரலாற நீங்கதான் மேடம் எழுதணும். வேற யார்கிட்டக் குடுத்தாலும் விளம்பர நோட்டீஸ் மாதிரி எழுதிடுவாங்க" என்றார். காலமெல்லாம் சரித்திரம் நடத்தியவளை இதைவிடச் சுலபமாக விழவைக்க முடியாது. விழுந்துவிட்டேன்.

கல்லூரியைத் தொடங்கிய உப்பு வியாபாரிக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியுமாம். தன் கிடங்கு ஒன்றைக் காலி செய்து, ஒரே ஒரு ஆசிரியரை அமர்த்தி, மூட்டைகளின் மேல் பலகை போட்டுப் பையன்களை உட்காரவைத்திருக்கிறார். பழைய கட்டடத்துச் சுவர் மழைக்காலத்தில் பொரிந்து பொரிந்து விழுமே, அது இன்னமும் அந்த உப்புதான். எத்தனை முறை வெள்ளையடித்தாலும் நிற்பதில்லை.

அப்பாவுக்குக் கண் அநேகமாகப் போய்விட்டது. வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரிகிறது. நான் எழுதியதைச் சாயங்காலம் வாசித்துக் காட்டச் சொல்கிறார். முதல்வராக இருந்தவர் அல்லவா, ஒரு காற்புள்ளியைக்கூட விடுவதில்லை.

நீ படித்த நாட்களில் ஞாபகமிருப்பதை எழுதி அனுப்பு. எதுவானாலும் சரி.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. நாங்கள் நலம். முதுகுக்கு நல்லது என்று யாரோ சொல்லி மனைவி பலகையில் படுக்கிறாள். துணைக்கு என்னையும் படுக்கவைத்தாள். இப்போது அவளுக்குத் தேவலை, எனக்குத்தான் முதுகுவலி. மகளுக்கு வேலை பிடித்திருக்கிறது, மேலதிகாரியைப் பிடிக்கவில்லை. உன் முழங்கால் எப்படி? பூனை குட்டி போட்டதா? எதிர்வீட்டு டாக்டர் இன்னும் ஓட்டாத காரைத் தினமும் துடைக்கிறாரா?

நான் ஒரு ஆஸ்பத்திரி லிஃப்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். எல்லா மாடியிலும் ஒழுங்காக நிற்கிறது, நாலாவது மாடியில் மட்டும் ஒரு சாண் கீழே நிற்கிறது. அந்த ஒரு சாணுக்காக நோயாளியைக் கட்டிலோடு தூக்கி ஏற்ற வேண்டியிருக்கிறது. கோளாறு எங்கே என்று கண்டுபிடித்தால் சரிசெய்வது பெரிய காரியமில்லை. கண்டுபிடிப்பதுதான் பாடு.

உப்புச் சுவர் ஞாபகமிருக்கிறது. பரீட்சையன்று அந்தச் சுவரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் பாஸ் என்று ஒரு நம்பிக்கை உண்டு. என் அறைத்தோழன் பாட்டுக்காரன் கணக்குப் பரீட்சைக்கு மட்டும் இரண்டு தடவை வைத்துக்கொள்வான். இரண்டு தடவையும் பலித்ததில்லை.

வேறு எதுவும் ஞாபகம் வரவில்லை.

என்றும் உன்,
தம்பி

மார்ச் 18

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். முழங்கால் மழைக்கு முன்னால் எனக்குத் தந்தி அடிக்கிறது, மற்ற நாளில் சும்மா இருக்கிறது. பூனை மூன்று குட்டி போட்டது. டாக்டர் துடைக்கிறார்.

நீ எழுதிய உப்புச் சுவர்க் கதையைப் புத்தகத்தில் சேர்த்துவிட்டேன். வாசித்தபோது அப்பா சிரித்தார். "என்கிட்ட ஒருத்தனும் சொல்லலியே" என்றார்.

முதல் பெண்கள் வந்த வருடத்தை எழுதி முடித்தேன். நாலே பேர். வகுப்பின் ஓரத்தில் கித்தான் திரை கட்டி அதற்குப் பின்னால் உட்காரவைத்திருக்கிறார்கள். கணித ஆசிரியர் கரும்பலகையில் போட்ட படம் திரைக்குப் பின்னால் தெரியவில்லை. நாலு பேரில் ஒருத்தி கத்திரிக்கோல் கொண்டுவந்து, கண் உயரத்துக்கு நாலு சதுரமாக வெட்டிவிட்டாள். வாரக்கடைசியில் திரையையே எடுத்துவிட்டார்கள். பிறகு ஆறு கரைபுரண்ட வருடம். நூலகத்தின் நனைந்த புத்தகங்களைப் பெரிய கூடத்துச் சாப்பாட்டு மேசைகளில் விரித்துவைத்து, மாணவர்கள் முறைபோட்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டி உலர்த்தினார்களாம். அத்தனை நாளும் எல்லோரும் தோட்டத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள்.

இதெல்லாம் எழுதச் சுகமாக இருக்கிறது. அடுத்த அத்தியாயம் அப்படி இல்லை. அது நீ கடைசியாக அங்கே இருந்த வருடம். நான் அப்போது வெளியூரில் மேற்படிப்பில் இருந்தேன். வீட்டுக்கு வந்தபோது உன் அறை காலியாகக் கிடந்தது. அம்மாவும் எதுவும் சொல்லவில்லை. அம்மா போனபோது நீ வந்தாய், வாசலிலேயே நின்றுவிட்டு அன்றே திரும்பிப் போனாய். அப்போதும் நான் கேட்கவில்லை.

இப்போது கேட்கிறேன். எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா

மே 29

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பதில் தாமதம். வேலை அதிகம்.

அந்த வருடத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றும் இல்லை. வேலைநிறுத்தம் நடந்தது, பன்னிரண்டு மாணவர்கள் நீக்கப்பட்டார்கள் என்று எழுது. சரியாகத்தான் இருக்கும்.

பாட்டுக்காரன் பெயரைப் போடுவதானால் எழுத்துப்பிழை இல்லாமல் போடு. கல்லூரியில் அதை ஒருநாளும் சரியாக எழுதியதில்லை.

குட்டிகளை யாருக்காவது கொடுத்தாயா? உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

ஜூன் 22

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். உன் வீட்டில் மூவரும் சுகமாக இருக்க வேண்டும்.

நீ சொல்லாததால் அக்கம்பக்கம் விசாரித்து எழுதிவிட்டேன். தவறு இருந்தால் நீதான் சொல்ல வேண்டும். உப்பு வியாபாரி தன் உயிலில் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் படிப்பும் சாப்பாடும் எழுதிவைத்தார். கூடவே, அவர்கள் தனியே உண்ண வேண்டும் என்றும் எழுதிவிட்டார். அதனால் காசு கட்டியவர்களுக்குப் பெரிய கூடம், கட்டாதவர்களுக்குச் சமையலறையை ஒட்டிய சின்னக் கூடம். நூறு வருடத்துக்கு மேல் யாரும் அதை மாற்றவில்லை. உங்கள் வருடத்தில் சில மாணவர்கள் சின்னக் கூடத்து மேசைகளையும் பெஞ்சுகளையும் தூக்கிவந்து பெரிய கூடத்தில் போட்டார்கள். வார்டன் கூடத்தைப் பூட்டினார். பூட்டை உடைத்தார்கள். போலீஸ் வந்தது. கல்லூரியை மூடினார்கள். பன்னிரண்டு பேரை நீக்கிய ஆணையில் முதல்வரான அப்பா கையெழுத்திட்டார். அந்தப் பன்னிரண்டில் நீ ஒருவன்.

இரண்டு வருடம் கழித்துச் சின்னக் கூடத்தைச் சத்தமில்லாமல் சாமான் அறையாக்கி, எல்லோரையும் ஒரே இடத்தில் உட்காரவைத்தார்கள். அதையும் எங்கும் எழுதவில்லை.

விழாக் குழுவுக்கு இந்த அத்தியாயம் தொண்டையில் முள்ளாகிவிட்டது. பெரிய கூடத்தைப் புதுப்பிக்கும் செலவு உப்பு வியாபாரியின் பரம்பரையில் வந்தவருடையது. "ஒரு பாராவுல முடிச்சுக்கலாமே மேடம். அவரு மனசு சங்கடப்படும்" என்றார் முதல்வர். முடியாது என்றேன். அப்படியானால் குழு கூடி முடிவு செய்யட்டும் என்றார்.

அத்தியாயத்தை அப்பாவுக்கு வாசித்தேன். ஒரு காற்புள்ளியைக்கூடத் திருத்தவில்லை.

அன்புடன்,
அக்கா

ஜூலை 19

அன்புத் தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் பதிலுக்குக் காத்திருந்து பார்த்தேன். இதற்கு மேல் மனதில் வைத்துக்கொள்ள முடியவில்லை.

குழு நேற்றுக் கூடியது. காலையிலேயே அப்பா சட்டை மாற்றிக்கொண்டு தயாராக இருந்தார். "நானும் வரேன்." எதற்கு என்று கேட்டதற்கு, "என் காலத்தப் பத்திப் பேசுறாங்க, நான் வீட்டுல உட்கார்ந்திருந்தா நல்லாவா இருக்கும்?" என்றார். சக்கர நாற்காலியோடு கூட்டிப்போனேன். எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவர் அதைப் பார்க்கவில்லை, நாற்காலிகள் நகரும் சத்தத்தைக் கேட்டு "உட்காருங்க" என்றார்.

முதல்வர் பணிவாகத்தான் பேசினார், பழையதைக் கிளற வேண்டாமே என்று. அப்பா குறுக்கே பேசவில்லை. முடித்த பிறகு சொன்னார்: "அந்த ஆணையில கையெழுத்துப் போட்டவன் நான். வெட்டுறதா இருந்தா நான் போன பிறகு வெட்டுங்க. இருக்கும்போதே வெட்டினா, நான் ஏதோ மறைக்கச் சொன்ன மாதிரி ஆயிடும்." கொஞ்சம் தண்ணீர் கேட்டுக் குடித்தார். "இன்னொண்ணும் இருக்கு. அன்னிக்கு ஆட்சிக்குழு எனக்கு ஒரு சலுகை காட்டுச்சு. உங்க பையன் பேர எடுத்துடலாம், பதினோரு பேரு போதும்னாங்க. எடுக்க வேணாம்னு நான்தான் சொன்னேன். அதையும் எழுதச் சொல்லுங்க, என் பொண்ணுக்கு இது தெரியாது."

எனக்குத் தெரியாதுதான். பதவியைக் காப்பாற்றிக்கொள்ள உன்னைத் தள்ளிவிட்டார் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய். எல்லாப் பிள்ளைகளையும் போல உன்னையும் நடத்த வேண்டும் என்று செய்திருக்கிறார், தம்பி.

முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அத்தியாயம் இருக்கட்டும் மேடம். பன்னிரண்டு பேரோட பேரும் இருக்கட்டும்" என்றார். உன் நண்பன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்திருக்கிறேன்.

ஒரு வரியாவது எழுது.

அக்கா

ஆகஸ்ட் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். இங்கே ஒன்றும் குறைவில்லை.

நீ எழுதியது எனக்கு அப்போதே தெரியும். ஆபீஸ் கிளார்க் ரயிலடிக்கு வந்து சொன்னார். என் பெயரை எடுத்திருந்தால் அப்பா முகத்தில் நான் முழித்திருக்கவே மாட்டேன். அந்தக் கையெழுத்துக்காக ஒருநாளும் அவர்மேல் எனக்குக் கோபமில்லை. இத்தனை வருடம் நீ வேறு எதற்கோ எனக்காக வருத்தப்பட்டிருக்கிறாய்.

நடந்தது வேறு. ஆணையை வாங்கிக்கொண்டு அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். அப்பா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நான் பெட்டியில் துணிகளை அடுக்கினேன். கதவு திறந்துதான் இருந்தது. அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து நான் செய்வதெல்லாம் தெரியும். ஏன்டா செய்தாய் என்று கேட்பார், கத்துவார், அடிப்பார், ஏதாவது ஒன்று நடக்கும் என்று வேண்டுமென்றே மெதுவாக அடுக்கினேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, "மழை வரும்போல இருக்கு. குடைய எடுத்துட்டுப் போ" என்றார். அவ்வளவுதான்.

வார்டன் என்னைக் கேட்டார். போலீஸ் ஸ்டேஷனில் கேட்டார்கள். முன்பின் தெரியாத பத்திரிகைக்காரர் கேட்டார். கேட்காத ஒரே ஆள் அப்பா.

பாட்டுக்காரனும் என்னோடு இந்த ஊருக்கு வந்தான். அவனுக்குத் திரும்பிப் போக வீடு இல்லை. இரண்டு பேரும் சேர்ந்துதான் லிஃப்ட் வேலை கற்றுக்கொண்டோம். நாலாவது வருடம் நெஞ்சுச்சளி முற்றி, நான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன வழியிலேயே போய்விட்டான். அதையும் நான் யாருக்கும் எழுதவில்லை. யாருக்கு எழுதுவது என்று தெரியவில்லை.

இப்போது புத்தகத்துக்காகக் கேட்கிறாய். தப்பாக நினைக்காதே அக்கா, எனக்குச் சொல்ல வரவில்லை.

இதை அவருக்கு வாசிக்க வேண்டாம்.

தம்பி

செப்டம்பர் 25

அன்புத் தம்பிக்கு,

நீ நலமாக இரு. இங்கே உடம்புக்கு யாருக்கும் ஒன்றுமில்லை.

பாட்டுக்காரனைப் பற்றி எழுதியிருந்தாய். இத்தனை நாள் இதை வைத்துக்கொண்டு எப்படி இருந்தாய்?

வாசிக்க வேண்டாம் என்றாய். வாசித்துவிட்டேன். உறையைப் பிரிக்கும் சத்தம் கேட்டு அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். "தம்பி கடிதமா? இன்னிக்கு நீ சேர்க்கிற வரியச் சேர்க்காம வாசி" என்றார்.

உனக்கு அது புரியாது. அவருக்குக் கண் போனதிலிருந்து, உன் கடிதத்தை வாசிக்கும்போது பூனைக்கும் டாக்டருக்கும் நடுவில் 'அப்பா எப்படி இருக்கிறார்' என்று நானாக ஒன்றைச் சேர்த்துக்கொள்வேன். அவருக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். முதல் நாளே தெரிந்திருக்கிறது. அதற்கு மேல் எனக்கு எதையும் ஒளிக்கத் தெம்பில்லை. முதலிலிருந்து கடைசிவரை வாசித்தேன், வாசிக்க வேண்டாம் என்று நீ எழுதியதையும்.

கேட்டு முடித்ததும் அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். சில நாட்கள் அத்தியாயம் கேட்கவும் வரவில்லை. நான் பயந்துபோய் எதிர்வீட்டு டாக்டரைக் கூட்டிவந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை என்றார். இன்று காலை அப்பா என்னைக் கூப்பிட்டு எழுதச் சொன்னார். அவர் சொன்னதைச் சொன்னபடியே கீழே எழுதியிருக்கிறேன்.

அக்கா

மகனுக்கு,

ஆசீர்வாதம். நான் சுகம். கண் மட்டும் இல்லை.

அன்றைக்கு உன்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் நீ சொல்வதுதான் நியாயம் என்று எனக்குப் பட்டுவிடும் என்று பயம். பட்டிருந்தால், கையெழுத்துப் போட்ட கையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அதனால் கேட்காமல் இருந்தேன். பிறகு கேட்க, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. உன் அக்காவும் அம்மாவும் உன்னைப் பற்றிப் பேசும்போது நான் எழுந்து போய்விடாமல் உட்கார்ந்திருப்பேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

உன் நண்பனை எனக்கு ஞாபகமிருக்கிறது. ஆண்டு விழாவில் பாடுவான்.

இப்போது கேட்கிறேன். புத்தகத்துக்காக இல்லை. ஏன் செய்தாய்? முதலில் என்ன நடந்தது?

அப்பா

நவம்பர் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? சாப்பாடு செல்கிறதா? தூக்கம் வருகிறதா? நாங்கள் மூவரும் நலம்.

இந்தக் கடிதத்தைப் பல தடவை எழுதிக் கிழித்தேன். நான் அதிகம் எழுதிப் பழகாதவன். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

உள்ளூரிலேயே வீடு இருந்தும் மற்றவர்களைப் போல என்னையும் விடுதியில்தான் சேர்த்தீர்கள். நானும் பாட்டுக்காரனும் அங்கே ஒரே அறை. ஒரே சோப்பு, ஒரே சீப்பு, நல்ல சட்டை இரண்டு பேருக்கும் ஒன்றுதான். சாப்பாட்டு மணி அடித்ததும் தாழ்வாரத்தின் முடிவில் அவன் இடப்பக்கம் திரும்புவான், நான் வலப்பக்கம் திரும்புவேன். இரண்டு வருடம் அப்படித் திரும்பியிருக்கிறேன். எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

அன்று நல்ல மழை. அடுப்புப் புகை வெளியே போகட்டும் என்று பெரிய கூடத்துக்கும் சின்னக் கூடத்துக்கும் நடுவிலுள்ள கதவைத் திறந்துவைத்திருந்தார்கள். என் இடத்திலிருந்து உள்ளே தெரிந்தது. கூரை ஒழுகிப் பெஞ்சுகளெல்லாம் ஈரம். அவர்கள் நின்றுகொண்டு சாப்பிட்டார்கள். பாட்டுக்காரன் தட்டை மார்போடு பிடித்துக்கொண்டு, சொட்டுகிற தண்ணீர் சோற்றில் விழாமல் குனிந்து நின்றான். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டான். உடனே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவன் வெட்கப்பட்டான், அப்பா. என்னிடம் அதுவரை எதற்கும் வெட்கப்படாதவன். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். ஏன் என்று கேட்டீர்கள். இதுதான், வேறு பெரிய கொள்கை எதுவும் அப்போது என்னிடம் இல்லை. மறுநாள் இன்னும் சிலர் தட்டோடு சின்னக் கூடத்துக்கு வந்தார்கள். அதற்குப் பிறகு மேசைகளைத் தூக்கியது, பூட்டை உடைத்தது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

உங்களுக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. அன்று நீங்கள் மாணவர்களோடு சாப்பிட வந்த நாள். பெரிய கூடத்து மேடையில் போட்ட சாப்பாட்டு மேசையில் விருந்தாளியோடு பேசிக்கொண்டிருந்தீர்கள். சின்னக் கூடத்துக்குப் போக உங்கள் நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவில்தான் வழி. நான் தட்டோடு வந்ததும், பேச்சை நிறுத்தாமல், என்னைத் திரும்பிப் பார்க்காமல் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துக்கொண்டீர்கள். நான் உங்கள் முதுகை உரசாமல் போனேன்.

இந்த ஊரில் இதை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். யாரோ பரிமாறுகிறவர் என்று நினைத்து இழுத்துக்கொண்டீர்களா? நான் எங்கே போகிறேன் என்று தெரிந்து வழிவிட்டீர்களா?

விழாவுக்கு நான் வரவில்லை. விழா முடிந்து கூட்டம் கலைந்த பிறகு வருகிறேன்.

உங்கள் மகன்

நவம்பர் 23

அன்புத் தம்பிக்கு,

அப்பா நலமாக இருக்கிறார். நானும் நலம். உன் மனைவிக்கும் மகளுக்கும் என் அன்பு.

உன் கடிதத்தை மத்தியானம் வாசித்தேன். நாற்காலி வந்த இடத்தைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். பிறகு கையை நீட்டி, கடிதத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். நான் பேனாவை எடுத்தேன்.

"தெரியும்னு எழுது" என்றார். "அவன் தட்டக் கையில எடுத்தப்பவே பார்த்துட்டேன். எங்க போறான்னு தெரியும். அவன் காலடிச் சத்தம் எனக்குத் தெரியாதா? வழி விடணும்னுதான் இழுத்துக்கிட்டேன். எழுந்து நானும் பின்னாலயே போயிருக்கலாம். தோணுச்சு. விருந்தாளி பேசிட்டிருக்காரு, பாதிச் சாப்பாட்டுல எப்படி எழுந்திருக்கறதுன்னு உட்கார்ந்துட்டேன். நான் எழுந்திருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். எந்தப் புள்ளையும் பூட்ட உடைக்க வேண்டி வந்திருக்காது."

மடியிலிருந்த கடிதத்தைத் தடவியபடி, "இத அவனுக்கும் எழுது. புத்தகத்துலயும் எழுது" என்றார்.

புத்தகம் அச்சகத்துக்குப் போய்விட்டது அப்பா என்றேன். "அச்சுக்கோக்க ஆரம்பிச்சுட்டாங்களா? போய்க் கேளு" என்றார். போய்க் கேட்டேன். அந்தப் பக்கம் இன்னும் கோக்கவில்லை. அச்சகத்துப் பெஞ்சிலேயே உட்கார்ந்து அவர் சொன்னதை அவர் சொன்ன பேச்சிலேயே எழுதிச் சேர்த்தேன். முதல்வருக்கும் தகவல் சொல்லிவிட்டேன். ஆட்சேபம் இல்லை என்றார்.

இதை எழுதி முடித்து உறையில் போடப் போனேன். "ஒட்டிட்டியா?" என்றார் அப்பா. இல்லை என்றேன்.

"எந்த வண்டியில வரான்னு கேளு."

கேட்டுவிட்டேன். உடனே பதில் போடு.

அக்கா